கெட்டது பேட்டரி, பழி போன் மேல்: ஐபோன் வேகக் குறைப்பு விவகாரம்

"போன் ரொம்ப ஸ்லோவாயிடுச்சு, மாத்திட வேண்டியதுதான்." இதைச் சொல்லாத வீடு கிடையாது. வாங்கி இரண்டு மூன்று வருடம் ஆனால் போன் மெதுவாகத்தான் செய்யும் என்று நாமே நமக்குச் சொல்லிக்கொள்கிறோம், வயதானால் முட்டி வலிப்பது மாதிரி அதையும் ஏற்றுக்கொள்கிறோம். சில நேரம் அது வயது அல்ல, எங்கோ உட்கார்ந்து யாரோ எடுத்த முடிவு. அதை எண்களோடு வெளியே கொண்டுவந்த நிகழ்வு 2017 டிசம்பரில் வெடித்த ஐபோன் பேட்டரி விவகாரம்.

அப்போது செய்தி படித்தவர்கள்கூட இதை "ஆப்பிள் வேண்டுமென்றே பழைய போனை மெதுவாக்கியது, மாட்டிக்கொண்டது, காசு கட்டியது" என்ற அளவில்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். நடந்தது கொஞ்சம் சிக்கலானது, என் கணக்கில் அதைவிட மோசமானதும்கூட. ஆப்பிள் பொறியாளர்கள் செய்த வேலையில் தொழில்நுட்பமாகப் பெரிய குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த வேலை ஒரு கோளாறின் அறிகுறியை எடுத்துவிட்டு வேறொரு அறிகுறியை அங்கே வைத்தது, வைத்ததை போன் வைத்திருப்பவரிடம் சொல்லவில்லை. அபராதம், வழக்கு, மன்னிப்பு எல்லாமே அங்கிருந்துதான் கிளம்பின.

சார்ஜ் இருக்கும்போதே அணைந்த போன்கள்

கதை 2016 இறுதியில் ஆரம்பிக்கிறது. ஐபோன் 6, 6எஸ் வைத்திருந்தவர்கள் பல நாடுகளில் ஒரே மாதிரி புகார் சொன்னார்கள். திரையில் 30, 40 சதவீதம் சார்ஜ் காட்டும், கேமராவைத் திறந்தால் போன் பொட்டென்று அணைந்துவிடும். சார்ஜரில் செருகினால் உயிர் வரும், வந்ததும் பழைய சதவீதத்தையே காட்டும். நவம்பரில் சீனாவின் நுகர்வோர் சங்கம் இதைக் கையில் எடுத்தது. 2015 செப்டம்பர், அக்டோபரில் தயாரான ஒரு குறிப்பிட்ட தொகுதி 6எஸ் போன்களில் மட்டும் பேட்டரிக் கோளாறு என்று சொல்லி ஆப்பிள் அவற்றுக்கு இலவசமாக மாற்றித் தந்தது. ஆனால் அந்தத் தொகுதிக்கு வெளியே இருந்த போன்களும் அணைந்துகொண்டேதான் இருந்தன.

ஏன் அணைந்தன என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் எல்லாம் இதில்தான் தொங்குகிறது. லித்தியம் அயான் பேட்டரிக்கு வயதாகும்போது இரண்டு விஷயம் நடக்கிறது. ஒன்று எல்லோருக்கும் தெரியும், கொள்ளளவு குறையும், காலையில் போட்ட சார்ஜ் மாலை வரை நிற்காது. இரண்டாவது பலருக்குத் தெரியாது, உள்தடை கூடும். மாடித் தொட்டியில் தண்ணீர் பாதி இருந்தும், குழாய்க்குள் உப்பு படிந்துவிட்டால் குளியலறைக் குழாயைப் பெரிதாகத் திறக்கும்போது தண்ணீர் நூலாகத்தானே வரும், அந்த நிலைதான். தொட்டியில் இருக்கும் அளவைத்தான் சதவீதம் சொல்கிறது, குழாயின் நிலையைச் சொல்வதில்லை. பிராசஸர் ஒரு நொடிக்குத் திடீரென்று நிறைய மின்னோட்டம் கேட்கும்போது, உள்தடை அதிகமான பேட்டரியின் மின்னழுத்தம் சட்டென்று சரிகிறது. ஓர் எல்லைக்குக் கீழே போனால், உள்ளே இருக்கும் பாகங்களைக் காப்பாற்ற போன் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. குளிரில் இது இன்னும் மோசமாகும்.

இது ஆப்பிளுக்கு மட்டுமான இயற்பியல் இல்லை, எல்லா போனுக்கும் உண்டு. ஆனால் 6எஸ்-இன் பேட்டரி வெறும் 1,715 மில்லி ஆம்பியர் மணி. முந்தைய மாடலான 6-இல்கூட 1,810 இருந்தது. பிராசஸர் முந்தையதைவிட வலுவானது, பேட்டரி முந்தையதைவிடச் சிறியது. சிறிய பேட்டரியிடம் அதே அளவு மின்னோட்டம் கேட்டால் அதற்குச் சுமை அதிகம், அதனால் வயதாகும்போது அது முதலில் தடுமாறுகிறது. பேட்டரி சிறியதாக இருந்தால் போதும் என்று எடுத்த ஒரு வடிவமைப்பு முடிவின் செலவு, வாங்கி ஒரு வருடம் கழித்து வாங்கியவர் தலையில் விழுந்தது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

ஒரே ஒரு வரி

2017 ஜனவரி 23 அன்று, ஐபோனை இயக்கும் மென்பொருளான ஐஓஎஸ்ஸின் 10.2.1 பதிப்பு வந்தது. வழக்கமான சின்ன அப்டேட் மாதிரிதான் வந்தது. ஒரு மாதம் கழித்து ஆப்பிள் ஒரு நல்ல செய்தி சொன்னது, இந்த அப்டேட் போட்ட பிறகு திடீரென்று அணைவது 6எஸ் போன்களில் 80 சதவீதத்துக்கு மேலும், 6 போன்களில் 70 சதவீதத்துக்கு மேலும் குறைந்துவிட்டது என்று. எப்படிக் குறைந்தது என்பதற்கு இருந்த விளக்கம் ஒரு வரி: உச்சப் பணிச்சுமையின்போது மின்சக்தி நிர்வாகம் மேம்படுத்தப்பட்டிருக்கிறது, அதனால் எதிர்பாராமல் அணைவது தவிர்க்கப்படும். பேட்டரி படுமோசமாக இருந்தால் மட்டும் செட்டிங்ஸில் பேட்டரிப் பக்கத்துக்குள் ஒரு குறிப்பு காட்டும் ஏற்பாடும் இருந்தது. அந்த அளவுக்குப் போகாதவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

அந்த ஒரு வரிக்குள் இருந்தது என்ன? போன் தன் பேட்டரியின் சார்ஜ், வெப்பநிலை, உள்தடை மூன்றையும் பார்க்கும். நிலைமை சரியில்லை என்றால் பிராசஸரும் கிராபிக்ஸும் எட்டக்கூடிய உச்ச வேகத்துக்கு மூடி போட்டுவிடும். அதிகம் கேட்காவிட்டால் மின்னழுத்தம் விழாது, விழாவிட்டால் போன் அணையாது. யோசனை சரியானது, அதை நான் ஒப்புக்கொள்கிறேன். அவசரத்துக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிடும் நேரத்தில் அணைந்துபோகும் போனைவிட மெதுவாக வேலை செய்யும் போன் எவ்வளவோ மேல்.

இதன் விளைவுகள் என்னென்ன என்று ஆப்பிளே பின்னால் தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்தது. செயலிகள் திறக்க நேரம் எடுக்கும், விரலால் தள்ளும்போது திரை விட்டு விட்டு நகரும், திரை வெளிச்சம் மங்கும், ஸ்பீக்கர் சத்தம் 3 டெசிபல் வரை குறையும், பின்னணியில் இருந்த செயலிகள் மறுபடி முதலிலிருந்து திறக்கும், மிக மோசமான நிலையில் கேமரா ஃபிளாஷே வேலை செய்யாது. இந்தப் பட்டியலை ஒரு தடவை மெதுவாகப் படித்துப் பாருங்கள். இதில் ஒன்றையாவது பார்த்து யாராவது "பேட்டரி போயிடுச்சு" என்று சொல்வார்களா? ஃபிளாஷ் வேலை செய்யவில்லை என்றால் கேமரா கெட்டுவிட்டது என்போம். சத்தம் குறைந்தால் ஸ்பீக்கருக்குள் தூசி என்போம். திரை தடுமாறினால் மெமரி நிறைந்துவிட்டது என்று குழந்தையின் பிறந்தநாள் வீடியோக்களை அழிக்க ஆரம்பிப்போம். எல்லாம் சேர்ந்து வந்தால், போனுக்கு வயதாகிவிட்டது, புதுசு வாங்கு என்போம்.

அப்டேட்டுக்கு முன்னால் அறிகுறி நேர்மையானதாக இருந்தது. 30 சதவீதத்தில் அணைகிறது என்றால் தெருமுனை ரிப்பேர் கடைக்காரர் கையில் வாங்காமலே "பேட்டரி மாத்துங்க" என்பார். அப்டேட்டுக்குப் பிறகு அதே கோளாறு, அதே பேட்டரி, ஆனால் இப்போது அறிகுறி போன் முழுவதையும் குற்றம் சொல்கிறது. பேட்டரி மாற்ற அமெரிக்காவில் அப்போது 79 டாலர். புது போன் அதைப் போலப் பல மடங்கு. எந்தப் பக்கம் போவது என்று முடிவெடுக்க வேண்டியவரிடம் வழிகாட்டிப் பலகையைத் திருப்பி வைத்துவிட்டார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் திருப்பினார்கள் என்று நான் சொல்லவில்லை. எண்ணம் எதுவானாலும் போகும் வழி அதுதான்.

அளந்து பார்த்தவர்கள்

விஷயத்தை வெளியே கொண்டுவந்தது அரசு இல்லை, ஆய்வகமும் இல்லை. 2017 டிசம்பர் இரண்டாவது வாரத்தில் ரெடிட் என்ற இணைய விவாதத் தளத்தில் ஒருவர் எழுதினார். அவருடைய 6எஸ் மிகவும் மெதுவாகிவிட்டது, ஆனால் அதைவிடப் பழைய மாடலான தம்பியின் 6 பிளஸ் வேகமாக ஓடுகிறது. இது இடித்தது. பேட்டரியை மாற்றினார், மாற்றுவதற்கு முன்னும் பின்னும் போனின் வேகத்தை எண்ணாகச் சொல்லும் கீக்பெஞ்ச் செயலியில் அளந்தார். முன்னால் 1466, 2512. பின்னால் 2526, 4456. முதல் எண் பிராசஸரின் ஒரு மையம் மட்டும் வேலை செய்யும்போது, இரண்டாவது எல்லா மையங்களும் சேர்ந்து வேலை செய்யும்போது. பிராசஸர் அதேதான், ஐஓஎஸ் அதேதான், பேட்டரியை மாற்றியதும் வேகம் எழுபது சதவீதத்துக்கு மேல் ஏறிவிட்டது.

இந்த இடத்தில் எனக்கு அந்த மனிதர் மேல் பெரிய மரியாதை வருகிறது. பல வருடங்களாக "புது மாடல் வரும்போதெல்லாம் பழைய போனை மெதுவாக்குகிறார்கள்" என்று உலகமே புலம்பிக்கொண்டிருந்தது, அதெல்லாம் பிரமை என்று விவரம் தெரிந்தவர்கள் தள்ளிவிட்டார்கள். இவர் புலம்பவில்லை, ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்றி இரண்டு தடவை அளந்தார். பள்ளிக்கூட ஆய்வகத்தில் சொல்லித்தரும் முறைதான், அதைச் செய்ய ஆள் இல்லாமல் இருந்தது.

ஒரு போனை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்ய முடியாது இல்லையா, அதற்கு அடுத்த படியை எடுத்தவர் ஜான் பூல். கீக்பெஞ்சைத் தயாரிக்கும் பிரைமேட் லேப்ஸ் நிறுவனத்தை டொராண்டோவில் ஆரம்பித்தவர். உலகம் முழுவதும் மக்கள் ஓட்டிப் பார்த்த அளவீடுகள் அவர் நிறுவனத்திடம் குவிந்து கிடந்தன. டிசம்பர் 18 அன்று அவற்றை ஐஓஎஸ் பதிப்பு வாரியாகப் பிரித்து வரைபடமாகப் போட்டார். ஐஓஎஸ் 10.2-இல் இருக்கும் 6எஸ் போன்களின் வரைபடத்தில் ஒரே ஒரு கூரான சிகரம், கிட்டத்தட்ட எல்லாப் போனும் ஒரே வேகம். 10.2.1 வந்ததும் அந்தச் சிகரத்துக்கு இடதுபக்கம் சின்னச் சின்னக் குன்றுகள் முளைக்கின்றன. 11.2-இல் அந்தக் குன்றுகள் இன்னும் பெரிதாகின்றன. பேட்டரி தானாக வலுவிழப்பதால் வேகம் குறைந்திருந்தால் வரைபடம் வழவழவென்று சரிந்திருக்க வேண்டும். குன்று குன்றாக நின்றால் யாரோ படிக்கட்டு வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், அதாவது இன்ன நிலைக்கு இன்ன வேகம் என்று மென்பொருள் முடிவு செய்கிறது. ஐபோன் 7-இல் 11.2 வரை ஒன்றுமே இல்லை, 11.2-இல் அதுவும் மாறிவிட்டது.

பூல் தன் பதிவில் சொன்ன கருத்துதான் இந்த விவகாரத்தின் மிகக் கூர்மையான கருத்து என்று நினைக்கிறேன். போன் முழு வேகத்தில் ஓடும், அல்லது சக்தி சேமிக்கும் நிலையில் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு மெதுவாக ஓடும், மக்கள் எதிர்பார்ப்பது இந்த இரண்டைத்தான். சொல்லாமல் மெதுவாக ஓடும் மூன்றாவது நிலை ஒன்றை இந்த மாற்றம் உண்டாக்கிவிட்டது, அதனால் பேட்டரியை மாற்ற வேண்டியவர்கள் போனை மாற்ற நினைப்பார்கள் என்றார்.

மன்னிப்பு

இரண்டே நாளில், டிசம்பர் 20 அன்று, ஆப்பிள் ஒப்புக்கொண்டது. 6, 6எஸ், எஸ்இ மாடல்களில் இப்படி ஓர் அம்சம் இருக்கிறது, 11.2 வழியாக 7-க்கும் நீட்டித்திருக்கிறோம், பிற மாடல்களுக்கும் வரும் என்றது. அது பற்றிக்கொண்டு எரிந்தது. டிசம்பர் 28 அன்று நீண்ட கடிதம் ஒன்று வந்தது, வாடிக்கையாளர்களைப் புதுப் போன் வாங்க வைப்பதற்காக எந்தப் பொருளின் ஆயுளையும் குறைத்ததில்லை, குறைக்கவும் மாட்டோம் என்று சொல்லி, மன்னிப்பும் கேட்டது. 6-க்கும் அதற்குப் பிந்தைய மாடல்களுக்கும் உத்தரவாதம் முடிந்த பிறகான பேட்டரி மாற்றுக் கட்டணம் 79 டாலரிலிருந்து 29-க்கு இறங்கியது, 2018 இறுதி வரை. இந்தியாவில் சுமார் 6,500 ரூபாயாக இருந்தது வரி நீங்கலாக 2,000 ஆனது. சோதனைக் கருவி "உன் பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொன்னாலும் கேட்டவர்களுக்கு மாற்றித் தரப்படும் என்பது ஜனவரியில் தெளிவானது. இது சின்ன விஷயம் இல்லை, அதுவரை சோதனையில் தேறிவிட்ட பேட்டரியை மாற்றிக்கொள்ளக் காசு நீட்டினாலும் மறுக்கப்பட்டவர்கள் இருந்தார்கள்.

ஜனவரியில் ஏபிசி தொலைக்காட்சிப் பேட்டியில் ஆப்பிளின் தலைமைச் செயல் அதிகாரி டிம் குக், அப்டேட் வந்தபோதே அது என்ன என்று சொன்னோம், பலர் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன், நாங்களும் இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்கலாம் என்ற பொருளில் பேசினார். இரண்டாவது பாதியை ஏற்கிறேன். முதல் பாதியை ஏற்கவே முடியாது. "உச்சப் பணிச்சுமையின்போது மின்சக்தி நிர்வாகம்" என்று எழுதினால் மின்பொறியாளருக்குக்கூட, தன் போன் இனி மெதுவாக ஓடும் என்பது புரியாது. "உங்கள் பேட்டரிக்கு வயதாகிவிட்டது, போன் அணையாமல் இருக்க வேகத்தைக் குறைத்திருக்கிறோம், பேட்டரி மாற்றினால் பழைய வேகம் திரும்பும்." இதை எழுத எந்தத் தொழில்நுட்பத் தடையும் இருக்கவில்லை. சார்ஜ் 20 சதவீதத்துக்கு வந்தால் நடுத்திரையில் பெட்டி போட்டுச் சொல்லும் போன்தான் அது.

காசு எங்கே போனது

வழக்குகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2018 அக்டோபரில் இத்தாலியின் போட்டி ஆணையம் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ அபராதம் போட்டது, அதில் பாதி பேட்டரி பற்றி வாடிக்கையாளருக்குத் தகவல் தராததற்கு. அதே நாளில் சாம்சங்குக்கும் 50 லட்சம் யூரோ, நோட் 4 போன்களில் தாங்காத அப்டேட்டைப் போட வைத்ததற்காக. 2020 பிப்ரவரியில் பிரான்ஸ் 2.5 கோடி யூரோ அபராதம் போட்டது, குற்றச்சாட்டு வேகத்தைக் குறைத்தது அல்ல, குறையலாம் என்பதைச் சொல்லாதது. கூடவே ஆப்பிள் தன் பிரெஞ்சு இணையதளத்தில் ஒரு மாதம் அதைப் பற்றி அறிவிப்பு போட வேண்டும் என்றும் ஏற்பாடானது. எனக்கு அபராதத்தைவிட இந்த அறிவிப்புத்தான் பொருத்தமான தண்டனையாகப் படுகிறது. அமெரிக்காவில் 2020 நவம்பரில் முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களோடு 11.3 கோடி டாலரில் சமரசம். கூட்டு வழக்கில் குறைந்தது 31 கோடி, அதிகபட்சம் 50 கோடி டாலர் என்று 2020 மார்ச்சில் ஒப்பந்தம், தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளாமலே. அந்தப் பணம் மக்கள் கைக்கு வந்தது 2024 ஜனவரியில், ஆளுக்குச் சுமார் 92 டாலர். தென் கொரியாவில் 2023 டிசம்பரில் சியோல் உயர் நீதிமன்றம் ஏழு பேருக்குத் தலா 70,000 வான் தரச் சொன்னது.

அமெரிக்காவில் 2016 செப்டம்பரிலேயே நிறுத்திவிட்ட ஐபோன் 6 இந்தியாவில் 2017 மார்ச்சில் 32 ஜிபியோடு மறுபடி விற்பனைக்கு வந்தது, அதாவது ஐஓஎஸ் 10.2.1 வந்த பிறகு. வசதி குறைந்தவர்கள் முதல் ஐபோன் என்று ஆசையாக வாங்கிய மாடல் அது. அமெரிக்கக் கூட்டு வழக்கின் பணம் அமெரிக்காவில் போன் வைத்திருந்தவர்களுக்கு மட்டும்தான், நமக்குக் கிடைத்தது குறைந்த விலை பேட்டரி, அதுவும் செய்தி தெரிந்தவர்களுக்கு.

இந்த எண்களையெல்லாம்விட முக்கியமான ஆவணம் நீதிமன்றத்துக்கு வெளியே இருக்கிறது. 2019 ஜனவரி 2 அன்று டிம் குக் முதலீட்டாளர்களுக்கு எழுதிய கடிதம் அது. 8,900 முதல் 9,300 கோடி டாலர் என்று சொல்லியிருந்த காலாண்டு வருவாய் 8,400 கோடிதான் வரும் என்று அதில் சொன்னார். பெரிய காரணம் சீனச் சந்தை, அதை அவரே விளக்கமாக எழுதினார், நானும் அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் மக்கள் புது ஐபோனுக்கு மாறுவது குறைந்ததற்கான காரணங்களில் ஒன்றாக, விலை குறைந்த பேட்டரி மாற்றுத் திட்டத்தைச் சில வாடிக்கையாளர்கள் பயன்படுத்திக்கொண்டதையும் சேர்த்திருந்தார்.

வாடிக்கையாளருக்குத் தன் போனில் என்ன கோளாறு என்று உண்மை தெரிந்து, சரிசெய்ய நியாயமான விலையும் இருந்தால், அவர் புதுப் போன் வாங்குவதில்லை. இதை நுகர்வோர் அமைப்பு சொல்லவில்லை, அதைத் தயாரிக்கும் நிறுவனத்தின் தலைவரே தன் முதலீட்டாளர்களிடம் சொல்கிறார். அப்படியென்றால் 2017 முழுக்க, உண்மை தெரியாமல், 79 டாலர் விலையும் இருந்தபோது, பேட்டரி மட்டுமே கெட்ட எத்தனை போன்கள் தூக்கி வைக்கப்பட்டிருக்கும்? வேண்டுமென்றே செய்தார்களா என்ற கேள்வியில் எனக்கு ஆர்வம் இல்லாததற்குக் காரணம் இதுதான். மௌனமாக இருந்தால் லாபம் என்ற நிலை இருக்கும்போது, மௌனத்தைக் கலைக்க உள்ளே யாருக்கும் அவசரம் வராது. சதி எதுவும் தேவையில்லை.

பேட்டரி ஹெல்த் பக்கம்

2018 மார்ச் 29 அன்று வந்த ஐஓஎஸ் 11.3-இல் பேட்டரி ஹெல்த் என்ற பக்கம் சேர்ந்தது. புதிதாக இருந்தபோது இருந்த கொள்ளளவில் இப்போது எத்தனை சதவீதம், உச்ச வேகம் கிடைக்கிறதா, குறைத்திருக்கிறார்களா, எல்லாம் அங்கே தெரியும். குறைத்திருந்தால் அதை நிறுத்தும் வசதியும் உண்டு, ஆனால் அடுத்த தடவை போன் திடீரென்று அணைந்தால் தானாகத் திரும்ப வந்துவிடும். இது நல்ல தீர்வு. இன்றைக்கு பழைய ஐபோன் வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது "ஹெல்த் எவ்வளவு?" என்பதைத்தான். கையில் ஓர் எண் இருந்தால் பேரம் பேசும் ஆளின் நிலையே மாறிவிடுகிறது.

ஆனால் அதே பக்கம் அடுத்த வருடமே வேறு வேலைக்கும் பயன்பட்டது. 2019 ஆகஸ்டில், கருவிகளைப் பழுதுபார்ப்பது பற்றி எழுதும் ஐஃபிக்ஸிட் தளம் கண்டுபிடித்துச் சொன்னது: எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் மாடல்களில் ஆப்பிள் அங்கீகரிக்காத கடையில் பேட்டரி மாற்றினால், ஆரோக்கிய எண் மறைந்துபோய் "சர்வீஸ்" என்ற எச்சரிக்கை வருகிறது, இன்னொரு ஐபோனிலிருந்து எடுத்த ஆப்பிளின் அசல் பேட்டரியைப் போட்டாலும்கூட. பேட்டரிக்குள் இருக்கும் சிறு சிப்பை போனின் போர்டோடு பொருத்திவைத்திருப்பதால் வந்தது இது. போலி பேட்டரி ஆபத்தானது, வீங்கும், தீப்பிடிக்கும், அதை எச்சரிப்பது தேவைதான். ஆனால் எச்சரிக்கையோடு அளவீட்டையும் எடுத்துக்கொள்வது வேறு விஷயம். சென்னை ரிச்சி தெருவில் நல்ல பேட்டரி போட்டு நேர்மையாகப் பிழைக்கும் மெக்கானிக்கும், போலியைத் தள்ளிவிடுபவரும் வாடிக்கையாளர் திரையில் ஒன்றாகிவிடுகிறார்கள். விவரம் தரவேண்டும் என்று உலகம் அடித்துக் கேட்டதால் வந்த பக்கம், விவரத்தை நிறுத்திவைக்கும் கருவியாகவும் ஆனது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. பின்னால் வந்த பதிப்புகளில் இது ஓரளவு தளர்ந்திருக்கிறது, 2024-இல் வந்த ஐஓஎஸ் 18-இல் வெளியே மாற்றிய அசல் பாகங்களை போனிலேயே பதிந்துகொள்ளும் வசதி சேர்ந்தது.

மற்றவர்கள்

2017-இல் ஆப்பிள் மாட்டிக்கொண்டபோது, நாங்கள் இப்படிச் செய்வதில்லை என்று எச்டிசி, மோட்டோரோலா, சாம்சங், எல்ஜி எல்லாம் முன்வந்து சொன்னார்கள். 2022 மார்ச்சில் சாம்சங்கின் முறை வந்தது. கேலக்ஸி போன்களில் இருந்த விளையாட்டு மேம்பாட்டுச் சேவை, ஆயிரக்கணக்கான செயலிகளுக்கு வேகத்தைக் குறைத்தது, ஆனால் வேகத்தை அளக்கும் செயலிகளைக் குறைக்காமல் விட்டது. சூடாவதைத் தடுக்க என்பது காரணம். கீக்பெஞ்ச் எஸ்10 முதல் எஸ்22 வரையான மாடல்களைத் தன் பட்டியலிலிருந்து நீக்கியது, சாம்சங் பங்குதாரர் கூட்டத்தில் மன்னிப்புக் கேட்டது. ஆப்பிள் விஷயத்தைவிட இது மோசம் என்பேன், ஏனென்றால் அளந்து பார்ப்பவரிடமிருந்தே உண்மையை மறைக்கும் ஏற்பாடு இது. ரெடிட்காரர் மாதிரி ஒருவர் அளந்து பார்த்திருந்தாலும் ஒன்றும் சிக்கியிருக்காது.

2025 ஜனவரியில் கூகுள் பிக்சல் 4ஏ போன்களுக்கு ஓர் அப்டேட் தானாக இறங்கியது. சில போன்களில் பேட்டரி நிற்கும் நேரம் கடுமையாக விழுந்தது. கூகுள் ஒன்றைச் சரியாகச் செய்தது, பேட்டரி திறன் குறையும் என்று முன்கூட்டியே அறிவித்தது, இலவசமாக மாற்றிக்கொள்ளலாம், அல்லது 50 டாலர் பணம், அல்லது புது பிக்சல் வாங்க 100 டாலர் தள்ளுபடி என்று தேர்வும் தந்தது. ஏன் என்பதை மட்டும் சொல்லவில்லை. பேட்டரி அதிகம் சூடாகித் தீப்பிடிக்கும் ஆபத்து என்பது பின்னால் ஆஸ்திரேலிய அரசின் பொருள் திரும்பப் பெறும் அறிவிப்பில்தான் பளிச்சென்று தெரிந்தது. தலையணைக்கு அடியில் போனை வைத்துத் தூங்குகிறவருக்கு முதல் நாளே தெரிந்திருக்க வேண்டிய தகவல் இது.

சட்டம் மெல்ல நகர்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் போன்களின் பேட்டரி 800 தடவை முழு சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் குறைந்தது 80 சதவீதக் கொள்ளளவோடு இருக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. ஐபோன் 14 வரைக்கும் ஆப்பிள் சொன்னது 500 தடவைதான், 15-க்கு 1,000 என்று மாற்றியது. இந்தியாவில் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளம் ஒன்றை நுகர்வோர் விவகாரத் துறை திறந்தது, கட்டாயச் சட்டம் இல்லை. ஆனால் புகார் வீண்போவதில்லை என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு: ஐஓஎஸ் 18-க்கு மாறிய பிறகு போன் சரியாக ஓடவில்லை என்று தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு வந்த புகார்களை வைத்து, 2025 ஜனவரியில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆப்பிளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அந்த எண் 1915.

உங்கள் போன் மெதுவாகிவிட்டது என்றால் கடைக்குப் போவதற்கு முன் இரண்டு வேலை செய்யுங்கள். ஐபோன் என்றால் செட்டிங்ஸில் பேட்டரிக்குள் போய், கொள்ளளவு 80 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா, உச்ச வேகம் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டில் இது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், சிலவற்றில் பேட்டரிப் பக்கத்தில் இருக்கும், சாம்சங்கில் சாம்சங் மெம்பர்ஸ் செயலிக்குள் சோதனை இருக்கும். அப்புறம் கீக்பெஞ்சை இறக்கி, நன்றாக ஆறிய போனில், சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கும்போது ஒரு தடவை ஓட்டி, அதே மாடலுக்கு அவர்கள் தளத்தில் இருக்கும் சராசரியோடு வைத்துப் பாருங்கள். பேட்டரியும் அடிவாங்கியிருந்து எண்ணும் பாதிதான் வருகிறது என்றால், முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள், புது போனுக்கு இஎம்ஐ போடுவதைப் பிறகு யோசிக்கலாம்.